உறிஞ்சாமல் ஒரு வாரம்

நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும்,
அதுவும் காலை ஏழு மணியோடு சரி
என்று போனில் இரண்டு முறை சொன்னாள் யனீனா.
மாத்தே குடிக்கலாமா என்று
மூன்று முறை கேட்டான் எல்பியோ.
தண்ணீர்தானே அம்மா, அதில் கொஞ்சம் இலை.
கூடாது.

பாய்சாந்துக்கும் சால்ட்டோவுக்கும் நடுவே
முப்பது வருடம் பஸ் ஓட்டியவன்.
கியரில் ஒரு கை, சுரைக்குடுக்கையில் ஒரு கை,
ஸ்டீயரிங் கடவுள் பொறுப்பு.
அக்குளில் வெந்நீர்க் குடுவை இல்லாவிட்டால்
கொஞ்சம் சாய்ந்து நடப்பான்.

மயக்கம் கொடுத்தால் வீட்டுக்குக் கூட்டிப்போக
ஒரு பெரிய ஆள் வேண்டும் என்றது படிவம்.
அவனுக்கு அகப்பட்டது நான்.
உறவு என்ற கட்டத்தில்
பதினோரு வருடத்துக்கு முன்பென்றால் ஒரு சொல் போதும்.
பேனாவைக் கடித்துவிட்டு
'கார் இருக்கிறது' என்று எழுதினேன்.

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?
நேற்று ராத்திரி ஒன்பதுக்கு, பருப்பு சூப்,
என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்,
அந்த மேஜையில் நானும் இருந்ததைப் போல.
பொய் என்றால் அவன் இடது காது சிவக்கும்.
சிவக்கவில்லை. சொன்னேன்: உண்மைதான்.

எதிர் நாற்காலிப் பெண் உறிஞ்சி முடித்த சத்தம்,
குடுக்கையின் அடியில் அந்தக் கரகரப்பு.
அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.
நானும் காலையிலிருந்து குடிக்கவில்லை.
இரக்கம் இல்லை.
தனியாக ஊற்றித் தனியாகக் குடிப்பது பழகிப்போய்விட்டது,
அதை அவன் பார்க்க வேண்டாம் என்றுதான்.

இரண்டு கடைவாய்ப் பற்கள், நாற்பது நிமிடம்.
முதலில் ஒரு மிடறு தண்ணீர். குமட்டாவிட்டால் இன்னொன்று.
பிறகு ஆறிய கஞ்சி மாதிரி ஏதாவது.
சூடு கூடாது, ஒயின் கூடாது,
குழல் வைத்து உறிஞ்சவே கூடாது, ஒரு வாரம்,
குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும்
என்றார் டாக்டர் ஒலிவேரா.
பஞ்சைக் கடித்தபடி அவனும், சாவியோடு நானும்
ஒரே நேரத்தில் நினைத்தோம்
அவன் சட்டைப்பையில் கிடக்கும் வெள்ளிக் குழலை.

எங்கள் ஊரில் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது
நன்றி என்று சொன்னால்
போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம்.
வேண்டும் என்கிறவன் வாயைத் திறக்க மாட்டான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் சுற்றிலேயே,
நன்றி மிர்த்தா என்றான்.
குடுக்கையை வாங்கும்போதுதான் பார்த்தேன்
கதவோரம் பெட்டி.

இன்று அவன் வீட்டு அடுப்பில் பூசணி சூப் வைத்து
ஜன்னலில் ஆற வைத்தேன்.
தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து
சின்னக் கரண்டியால் ஒரு வாய்.
பாதி உள்ளே, பாதி தாடையில்.
பல் போனால் சொல் போச்சு என்பது சரிதான்:
மரத்த நாக்கைப் புரட்டி
ந, ந, என்றான்.
துடைத்தேன்.
ந.
பேசாதே, தையல் பிரியும்.

உதட்டில் உணர்வில்லாதவனுக்குச் சூடு தெரியாது.
அடுத்த கரண்டியை என் உதட்டில் வைத்துப் பார்த்து
அவன் பக்கம் நீட்டினேன்.
ஒரே கரண்டி.
என்னிடம், அவனிடம், என்னிடம்,
கிண்ணம் தீரும்வரை சுற்றிவந்தது.