இம்மாத அளவு

மாதக் கட்டணச் சீட்டில் இரண்டு பட்டைகள் இருக்கும்.
நான் செலவழித்த தண்ணீர் ஒன்று,
புளோக்கில் என்னைப் போன்ற வீடுகளின் சராசரி
பக்கத்தில் இன்னொன்று.
படிப்பில், சம்பளத்தில், உயரத்தில்
சராசரியை எட்டிப் பார்த்திராத எனக்குத்
தண்ணீரில் மட்டும் எப்போதும் ஒரு தலை கூடுதல்.

ஒண்டிக்கட்டை நான்.
இரவு முழுக்க விமான நிலையத்தில்
உணவுத் தட்டுகளுக்கு மூடி போடுகிற வேலை.
பகலில் தூங்குகிறவள் வீட்டில்
எங்கே போகிறது இத்தனை தண்ணீர்?

அந்த வெள்ளிக்கிழமை கடிதப்பெட்டியில் ஒரே உறை.
மின்தூக்கி வருவதற்குள் கிழித்துவிட்டேன்.
தண்ணீர்: சுழியம் புள்ளி ஒன்று கன மீட்டர்.
பட்டையே இல்லை, தரையோடு ஒரு கோடு.
ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.
பிறகுதான் பெயரைப் பார்த்தேன்.
சியா பூன் கெங். ஏழாம் மாடி.
எனக்கு நேர் கீழே.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு.
பிரித்ததை ஒட்டுவது அதைவிடக் கஷ்டம்.
வீட்டில் பசை இல்லை, சோற்றுப் பருக்கைதான்.
தேய்த்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது:
நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவும் நேரம்
குளியலறைக் குழாய் வழியே ஏறி வருமே
அவருடைய விடிகாலை இருமல்,
அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே
சிவப்புப் பதாகை கட்டியிருந்தார்கள்.
யீஷூனில் இந்தப் பருவத்தில் பூப்பது அதுதான்.
டெங்கி எச்சரிக்கை, நான்கு மொழிகளில்.
தமிழ் கடைசி.
அச்சில் புள்ளிகளெல்லாம் எங்கோ உதிர்ந்துபோய்
'தணணீரைத தேஙகவிடாதீரகள' என்று திக்கியது.
எண்ணிக்கைக் கட்டத்தில்
பதினொன்றின் மேல் பத்தொன்பதை ஒட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை ரொஸ்னா வந்தார்.
இடுப்பில் அடையாள அட்டை, கையில் விளக்கு,
சட்டைப் பையில் சொட்டுக்குழாய்.
பூந்தொட்டித் தட்டு, துணிக்கம்பு செருகும் குழல்,
குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் நானே பார்த்திராத ஒரு தட்டு,
எல்லாம் பார்த்தார். சுத்தம் என்றார்.
'கீழ் வீடுதான், மூன்று தடவை தட்டியாச்சு'
என்று தனக்குத்தானே சொல்லிப் படிவத்தில் கோடு போட்டார்.

மேசையில் இன்னும் பருக்கை காயாத உறை.
சொன்னால் திருடி.
சொல்லாவிட்டால் என்ன என்று
மனசு முடிக்கவில்லை.
'ஒரு மாதமா அந்த வீட்டுல
யாரும் குழாயைத் திறக்கல.'
எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.
நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

பூட்டுக்காரர் வந்து திறந்தபோது
நான் படியிலேயே நின்றுகொண்டேன்.
மூக்கைத்தான் முதலில் உள்ளே அனுப்பினேன்.
பயந்த வாடை இல்லை.
ஆளும் இல்லை.
குளியலறையில் நீல வாளி, பாதி தண்ணீர்.
ரொஸ்னா விளக்கடித்தார்.
பதாகையிலிருந்து உதிர்ந்த புள்ளிகளெல்லாம்
அங்கே நெளிந்து நீந்திக்கொண்டிருந்தன.

பேருந்து நிறுத்தத்தில் விழுந்து இடுப்பு முறிந்து
ஐந்து வாரமாக மருத்துவமனையில் இருந்தாராம்.
மகன் பெர்த்தில்.
வாளியைக் கவிழ்க்கச் சொல்ல
யாரைக் கூப்பிட்டிருப்பார்?
உறையைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு
வேலைக்குப் போனேன்.

பதாகை மஞ்சளானது, பச்சையானது,
ஒரு நாள் கயிறு மட்டும் தொங்கியது.

அதற்கடுத்த மாதம் என் இரும்புக் கதவில்
ஊன்றுகோல் தட்டுகிற சத்தம்.
சியா நின்றிருந்தார். கையில் என் உறை.
அஞ்சல்காரர் மாற்றிப் போட்டாராம்,
பார்க்காமல் பிரித்துவிட்டாராம்.
பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் சிரிப்பு.
'நான் டேப் போட்டேன், பார்.
நீ சோறு போட்டாய், எறும்பு வந்தது.'

எனக்குக் காதெல்லாம் சூடு.
அவர் விடவில்லை.
'உன் தண்ணீர் ரொம்ப அதிகம்.
கழிவறைத் தொட்டி ராத்திரி பூரா ஒழுகுது.
ஏழு வருஷமா கேட்கிறேன்.'

ஏழு வருஷமா? ஏன் சொல்லவில்லை?

அவர் கால்சட்டைப் பையைத் துழாவி
ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்தார்.
ஒரு வெள்ளி எண்பது காசு, அப்புறம் கொடு என்றார்.
'நீ மட்டும் என் இருமலைப் பற்றி
எப்போதாவது கேட்டாயா?'