காக்கை பார்த்து ஓடுகிறவன்

மணலி கம்பெனியில் சேர்ந்த அன்றே
எனக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள்.
போடாவிட்டால் ஐம்பது ரூபாய் அபராதம்.
பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்தவன் சார் என்று
எழுதிக் காட்டினேன்.
சேஃப்டி ஆபீசர் சிரித்தார்,
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சைரன் என்பது எனக்கு
கூரைக் காக்கைகள் மொத்தமாக எழும்புவது.
எழும்பினால் கேட்டுக்கு ஓடுவேன்.

போன ஆடியில்
காசிமேட்டு மீன் லாரி ஒன்று
ரோட்டில் பஞ்சராகி நின்றது.
காக்கைகள் எல்லாம் அங்கே.
கண் எரிந்த பிறகுதான் திரும்பினேன்.
ஷெட்டில்
நான் மட்டும்.

இப்போது என் மெஷினுக்கு மேலே சிவப்பு பல்ப்.
எலக்ட்ரீஷியன் தேவசகாயம் சொந்தக் காசில் மாட்டியது.
ஸ்டோர் ரெஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே
இன்னமும்
காதடைப்பான், ஒன்று.

கரண்ட் போனால்
மறுபடி காக்கைதான்.