இருபது கிலோ

ஸ்கேன் உறையைத் திருப்பிப் போட்டு
டாக்டர் சுபாஷிணி என் வயிற்றை வரைந்தார்,
சிசேரியன் தழும்பையும் மறக்காமல்.

தசையோடு எடுத்தால்
வேரறுக்காமல் தோலுக்கடியில் நுழைத்து
மார்புக்கு ஏற்றிவிடலாம்.
சீக்கிரம் முடியும்.
வயிறுதான் பிறகு பலமிழக்கும்,
குடலிறக்கம் வரலாம்,
வலை வைத்துத் தைப்போம்.

தோலும் கொழுப்பும் மட்டுமென்றால்
தலைமுடியிலும் மெல்லிய நூல்,
மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து
ரத்தக்குழாயை ரத்தக்குழாயோடு.
பத்து மணி நேரம்கூட ஆகும்.
அடைத்துக்கொண்டால்
வைத்தது அத்தனையும் கறுத்துவிடும்.

"எதில் இருபது கிலோ கிரேட் தூக்கலாம்?"

பேனா நின்றது.
பர்கூர் கூழ் ஃபேக்டரிக்குக்
கிளிமூக்கு லோடு வைகாசியில் வருமென்றேன்.
மாதங்களை விரலில் எண்ணிவிட்டு
இரண்டாவது படத்தைச் சுற்றி
வட்டம் போட்டார்.

பஸ்ஸில் சென்றாயன் வாய் திறக்கவில்லை.
கந்திகுப்பம் தாண்டியதும்
"பத்து மணி நேரம்
வெளியில உக்காந்து
நான் என்ன பண்றது?" என்றான்.
டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி
பீடி மாதிரி ஆக்கியிருந்தான்.

சேலையை ஏற்றிக் கட்டி
இத்தனை வருஷம் மறைத்த தொப்பையை
ராத்திரி இரண்டு கையாலும்
அள்ளிப் பார்த்தேன்.
இது போதுமா என்றதற்கு
"ஒன்றுக்குத்தான் வரும்" என்றிருந்தார்.

ஒன்றுதானே போயிருக்கிறது.