ஊதாச் சங்கு

தெலுக் கும்பாரில் சப்ரியிடம் வாங்கினேன்,
கிலோ எட்டு வெள்ளி.
ஊதினால் காற்றுகூட நுழையாத
கட்டைவிரல் பருமன் சங்கு.
"அசாம் போட்டுச் சமைக்கவா?" என்றான்.
"கயிறு நனைக்க" என்றேன்.
மீதிச் சில்லறையை மெதுவாகத்தான் தந்தான்.

குளுகோர் மேட்டில், ஆய்வுக்கூடத்தின் பின்படியில்,
சுத்தியலால் ஓட்டை உடைத்துச்
செவுளருகே இருக்கும் சுரப்பியைக் கிள்ளினேன்.
எச்சில் போல் ஏதோ. நிறமே இல்லை.
வெயில் பட்டதும் மஞ்சள், பச்சை,
நீலமா என்று யோசிப்பதற்குள் ஊதா.
கூடவே அழுகிய பூண்டு நாற்றம்.
பாயான் லெப்பாஸ் பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை மூன்று நாளாய்க் காலி.

அவுரியின் மூலக்கூறுதான் இதுவும்.
இரண்டு தோளிலும் ஒவ்வொரு புரோமின்,
கடல் உப்பிலிருந்து நத்தை பொறுக்கியது.
அந்த இரண்டு அணுவுக்காகத்தான்
அரசன் தவிர எவனும் உடுத்தாதே என்று
ரோமில் சட்டம் போட்டார்கள்.
பன்னிரண்டாயிரம் நத்தையைக் கொன்ற ஒருவருக்கு
ஒன்றரை கிராம்கூடத் தேறவில்லையாம்.
என்னிடம் அறுபது.
எனக்கு வேண்டியதும் ஒரு முழக் கயிறுதான்.

மஞ்சள் கயிறு ஒன்றை ஏற்கெனவே கழற்றியவள் நான்.
நாற்பத்து நான்கு வயதில், வெள்ளிக்கிழமை,
பதிவு இலாகா வாசலில் தேவசகாயம் கட்டப்போவது
ராஜ நிறமாக இருக்கட்டுமே.

ஊதா நீரில் கரையாது. பிடிவாதம்.
காரமும் டைதயோனைட்டும் சேர்த்துச் சூடு காட்டினால்
நிறத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையும்.
அந்த நேரம் வெளிச்சம் ஆகாது.
குடுவையைச் சுற்றி நேற்றைய நாளிதழைக் கட்டிவிட்டுச்
சாப்பிடப் போனேன்.

கூட்டித் துடைக்கிற ரொஹானாவுக்குப்
பீசாங் கோரேங் மடிக்கத் தாள் வேண்டியிருந்தது.
சன்னலில் பினாங்கின் ஒரு மணி வெயில்.

கயிற்றைத் தூக்கினேன்.
முதலில் மஞ்சள். ஐயோ, அதே மஞ்சள்.
காற்றில் உதறினேன். பச்சை.
காத்திருந்தேன். நீலம்.
இன்னும் காத்திருந்தேன். நீலமேதான்.

படிக்கட்டில் நிறம் தந்த அதே வெயில்
சன்னல் வழியே வந்து
புரோமினைத் தட்டிவிட்டுப் போயிருந்தது.
மிஞ்சியது வெறும் அவுரி,
பள்ளிச் சீருடை நீலம்.

ஊதுகிற சங்கை ஊதுவோம்,
விடிகிறபோது விடியட்டும் என்பார்கள்.
இங்கே விடிந்ததுதான் வினை.

ரொஹானா எண்ணெய்த் தாளை நீட்டினாள்.
தலைப்புச் செய்தியின் மேல் கிடந்த
கடைசித் துண்டை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, முடிச்சுப் போடக் குனிந்த தேவசகாயம்
மூக்கைச் சுருக்கிக் காதோடு கேட்டார்:
"பூண்டு உரித்தாயா?"

"அறுபது" என்றேன்.