மெய்ப்பு

தார்த்து நகரின் பிரெய்ல் அச்சகத்தில்
கோயித் வாய்விட்டுப் படிப்பான்,
உர்வே விரலால் சரிபார்ப்பாள்.
இருபத்திரண்டு வருடமாக இதே மேசை.
சமையல் குறிப்பு, வாடகைச் சட்டம்,
ஒருமுறை முழு ரயில் கால அட்டவணை.

பிப்ரவரியில் வரிகள் தடுக்கின.
ஆறு புள்ளிக்குள் அடங்கும் எழுத்தில்
ஏழாவதாக ஒன்று.
"அச்சுத் தகடு தேய்ந்துவிட்டது" என்றாள்.
தகட்டை மாற்றினார்கள்.
அடுத்த தாளிலும் இருந்தது,
வீட்டில் மேசை விரிப்பில் இருந்தது,
தேநீர்க் கோப்பையின் பிடியிலும்.

பிழை தாளில் இல்லை.
இடது சுட்டுவிரலின் சதைக்குள்
வலிக்காமல், அவசரமில்லாமல்
ஒரு பட்டாணி.

எலும்போடு ஒட்டவில்லை,
மூட்டோடும் உறவில்லை.
"குருத்தெலும்பாக இருக்கலாம்" என்றார் டாக்டர் மாதிஸ்,
"மூக்குத்தண்டில் இருக்கவேண்டியது.
விலாசம் தவறி வந்திருக்கிறது."
ஐம்பத்துமூன்று வயதில் குருத்தா என்று
சிரித்தது அவள் மட்டும்.

எடுத்த பிறகு தொட்டுப் பார்க்கக் கேட்டாள்.
உறையிட்ட வலக்கையில் வைத்தார்கள்.
வழவழப்பு. சிறுசிறு மேடுகள்.
அழுத்தினால் திருப்பி அழுத்தும் பிடிவாதம்.
நிறம் நீலம் கலந்த வெள்ளை என்றது ஒரு குரல்,
அவள் கேட்காமலே.
நெடுநேரம் உருட்டிவிட்டு
"ஒன்றும் எழுதியில்லையே" என்று
திருப்பிக் கொடுத்தாள்.

எழுதியது ஆய்வகம். இரண்டு பக்கம்.
கோயித் படிக்க வாயெடுத்தான்;
காதுக்கு வேண்டாம் என்றாள்.
புள்ளி குத்தித் தந்தான்.
கட்டுப்போட்ட விரல் மடியில் கிடக்க
வலது சுட்டுவிரல்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக எழுத்துக் கூட்டியது:
தீ, ங், க, ற், ற, து.
கோயித் மூச்சு விட்டான்.
அவள் விரல் ஒரு வரி மேலே போனது,
திரும்பி வந்தது, மறுபடி போனது.
"வலது கை என்றிருக்கிறது."

அப்படியானால்
இந்தத் தீங்கற்றது யாருடையது?

ஆய்வகம் காத்திருக்கச் சொன்னது.
சன்னலுக்கு வெளியே எமயோகி ஆற்றில்
பனிப்பாளம் முறியும் ஓசை.
பதினொன்றரையிலிருந்து மூன்றேகால் வரை
தேனீ வளர்ப்புக் கையேடு ஒன்றைத் திருத்தினார்கள்.
அவன் மூன்று சொற்களை விழுங்கினான்.
மூன்றையும் பிடித்தாள்.
ராணித் தேனீ பற்றிய பத்தியில்
அவள் ஒன்றை விட்டாள்.
அவன் சொல்லவில்லை.

மணி அடித்தது.
கண்ணாடிச் சில்லு அவளுடையதுதானாம்,
எண்ணும் அவளுடையதுதானாம்,
தட்டச்சில் கை மாறிவிட்டதாம்.

திருத்திய பிரதி வெள்ளிக்கிழமை வந்தது.
முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.
இடது, சரி. சுட்டுவிரல், சரி.
தீங்கற்றது. சரி.
கடைசி வரியில் விரல் நின்றது:
சிலருக்கு அதே இடத்தில் மீண்டும் வளர்வதுண்டு.
இரண்டு முறை தடவினாள்.

"இதில் பிழை இல்லை" என்று
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
பின்பக்கம் முழுக்கச்
சின்னச் சின்னக் குழி.