பணம் கட்டுபவர் பெயர்

பன்னேர்கட்டா ரோடு. அடித்தளம் இரண்டில்
காப்பீட்டு மேசை.
மூன்றாவது முறையும் வந்த மறுப்பை
முனிரத்தினத்துக்குத் தமிழில் சொல்கிறேன்:
பாலிசிக்கு முன்பே இருந்த கல்லாம்,
அவர் மனைவியின் பித்தப்பையில்.
"கல்லுக்குத் தேதி போட்டிருக்குதாம்மா?"

தலைக்கு மேலே டிவியில்
டை கட்டிய நால்வர்.
நாட்டுக்கெல்லாம் ஒரே கஜானா,
யார் வைத்தியத்துக்கும் ஒருவரே கட்டுவது,
கட்டுப்படியாகுமா ஆகாதா.
"எங்க வீட்ல எப்பவும் ஒருத்தன்தானே கட்றான்"
என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. கேமரா இருக்கிறது.

பிறகு காக்கிச் சட்டைக்குள் கைவிட்டு
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.
அல்சூர் ஆட்டோ ஸ்டாண்டின் ரப்பர் பேண்ட் கட்டு,
எல்லாம் ஐம்பதும் நூறும்.
தள்ளி எடுத்த சீட்டுப் பணம்.
மச்சினி கம்மல் அடகுக்கடையில் மாறிவந்த
மொடமொட ஐந்நூறுகள்.
கே.ஆர். மார்க்கெட் ரோஸ்லின் கொடுத்தது
இன்னும் ஈரம்,
ஒரு நோட்டில் கனகாம்பரக் காம்பு ஒட்டியிருந்தது.

எண்ணி முடித்தேன்.
மேலே விளம்பர இடைவேளை.

கணினி கேட்கிறது: பணம் கட்டுபவர் பெயர்.
ஒரே கட்டம். இருபத்தைந்து எழுத்து.
"யார் பேர் போடட்டும்ணா?"

நோட்டுகளைப் பார்த்தார். திரையை எட்டிப் பார்த்தார்.
"கொஞ்சம் பொடி எழுத்தாத் தட்டினா
எத்தன பேரு புடிக்கும்?"