இரண்டு சீட், முப்பது காளை

வாங்கும்போதே சொன்னார்கள்:
இது ஞாயிற்றுக்கிழமைக் கார்.
மூடி வை, துடைத்து வை,
மாதம் ஒருதரம் கடற்கரைவரை காட்டிவிட்டு வா.
நான் ஞாயிற்றுக்கிழமையும் மாடு பார்க்கிறவள்.
மாங்குளத்திலிருந்து எந்தக் கடற்கரைக்கு?

சிவப்பு. தொண்ணூற்றிரண்டில் பிறந்தது.
வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாணும் இல்லை.
சர்வீஸ் புத்தகம் யப்பான் எழுத்தில்;
கிரவல் என்ற சொல் அதில் இல்லையென்பது
வாசிக்காமலே தெரிகிறது.

எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால் கொதிக்கும்.
இடப்பக்கச் சீட்டில் நைதரசன் குடுவை
பெல்ற் போட்டபடி உறைந்திருக்கும்.
நடுவில் நான், வியர்த்துக்கொண்டு.
ஏசி போய் நாலு வருஷம்.

கனகராயன்குளத்தில் மறித்த பொலிஸ்காரன்
குனிந்தான், இன்னும் குனிந்தான்,
கடைசியில் குந்தியிருந்து கேட்டான்: உள்ளே என்ன?
காளை, என்றேன். முப்பது.
மூடியைத் திறக்க
வெண்புகை வழிந்து என் மடிக்கு இறங்கியது.
இப்போதெல்லாம் சலூட் அடிக்கிறான்,
எனக்கா அவைக்கா தெரியாது.

வேட்கைக்கு வந்த பசு
அரை நாளுக்கு மேல் காத்திராது.
அதனால்தான் வேகமான கார் என்று
கந்தோரில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.
ஒலுமடுவுக்குத் திரும்பியதும் பதினைந்தில் போகிறேன்.
சைக்கிளில் வருகிற பிள்ளைகள் முந்திப்போய்
திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறார்கள்.
குழிக்கு விலத்தி, விலத்தின குழிக்கு விலத்தி;
ஆனாலும் ஓரத்துக்கு இறக்கமாட்டேன்.
மண்டையோட்டுப் பலகைகள் கழற்றியாயிற்று,
என் கை இன்னும் கழற்றவில்லை.

பரந்தன் கராச்சில் றெஜினோல்ட் சொல்வான்:
'அக்கா, இது ஓடுற கார் இல்லை, தவழுற கார்.'
சொல்லிக்கொண்டே பில்லில்
ஏழாயிரத்து ஐந்நூறு எழுதுவான்.

மீற்றரில் இருநூற்றிருபதுவரை இலக்கம் இருக்கிறது.
என் முள் எழுபதில் குடியிருக்கிறது.
மிச்சம், உறுதி என் பேரில் உள்ள,
நான் விதைக்காத காணி.

ஒரேயொரு விடியலில் விதைத்தேன்.
முறிகண்டி தாண்டி, றோட்டு வெறிச்சென்று கிடக்க,
அமத்தினேன்.
நூற்றிருபதில் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது,
எட்டு வருஷம் கூடவே இருந்தும்
எனக்குக் காட்டாத குரல்.
நூற்றுநாற்பதில் குடுவை ஆடியது.
காலை எடுத்தேன்.
காளைகள் பயந்திருக்கும் என்று சிரித்தேன்.
முழங்கால் மட்டும் கிளிநொச்சி திரும்பும்வரை சிரிக்கவில்லை.

பிறகு, இரண்டு இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்து எண்பத்தேழு.
மூன்று இலட்சம் புரளும் கணத்தைப் படம் எடுக்கவேண்டும்,
போனை மடியிலேயே வைத்திருந்தேன்.
கருவேலன்கண்டலில் புவனமுத்துவின் ஆடு
குட்டி குறுக்கே நிற்க முக்கிக்கொண்டிருந்தது.
மூன்றுசில்லு வண்டி வரவில்லை.
குடுவையைப் புவனமுத்துவிடம் கொடுத்து
'ஆட்டாதை' என்று சொல்லி
ஆட்டைச் சீட்டில் ஏற்றினேன்.

பொழுதுபட, விளக்கைப் போட்டேன்.
ஒரு கண் மேலெழுந்து திறந்தது; மற்றது மறுத்தது.
ஒற்றைக் கண்ணோடு ஒட்டுசுட்டான்வரை.
ஆடு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துக் கத்தியது.
ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை அதன் வயிற்றில்,
கியர் மாற்ற மூன்றாவது கை இல்லாமல்
இரண்டாம் கியரிலேயே.

குட்டி இரண்டு. ஒன்று நின்றது.
மற்றதைச் சாக்கில் சுற்றித் தந்தார்கள்.

வெளியே வந்து கதவைத் திறந்து பார்க்கிறேன்:
மூன்று இலட்சத்து நாலு.
எந்த மரத்தடியில் புரண்டது,
எந்தக் குழியில்,
ஆட்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

சீட் முழுக்க ஈரம், மயிர்.
துடைத்த துணியைப் பிழிந்து கதவில் போட்டுவிட்டு
திறப்பைத் திருப்பினேன்.
முதல்தரம் ஸ்ரார்ட் வரவில்லை.
அது எப்போதும்
இரண்டாம் தரந்தான்.